படிவத்தின் ஒன்பதாவது கட்டம்

போன மாதம் நிவேதா போனில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு, தோல் சிகிச்சைத் துறை ஆய்வகத்தில் என் நாற்காலிக்கு வந்தவள். "சார், மெஷின் வந்துடுச்சி. இனிமே ஜீன் டெஸ்ட்டுக்கு சென்னைக்கு ட்யூப் அனுப்ப வேணாம். நாலு நாள்ல இங்கியே ரிசல்ட்டு" என்றாள். புது ஸ்கூட்டர் வாங்கியவளைப் போல அவ்வளவு சந்தோஷம். அப்புறம் விஷயத்துக்கு வந்தாள். துறையின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். "அந்தக் காலத்துல எப்பிடிக் கண்டுபுடிச்சீங்கன்னு எழுதுங்க சார்." அந்தக் காலம் என்று அவள் சொன்னது சில வருடங்களுக்கு முன்னால். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். ஆனால் மெஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு படிவம். அதில் ஒன்பதாவதாக ஒரு கட்டம். அதை நான் வருடக்கணக்கில் தப்பாக நிரப்பிக்கொண்டிருந்தேன். எவ்வளவு விலை கொடுத்து மெஷின் வாங்கினாலும் அந்தக் கட்டத்தை நிரப்பப்போவது நிவேதாதான். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவன். அப்பாவோடு இரண்டு தடவை கடலுக்குப் போனேன். இரண்டு தடவையும் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டேன். "இவன் தொழிலுக்கு ஆவமாட்டான், படிக்கப் போடு" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்படித்தான் ஆய்வகப் படிப்பு. சிதம்பரம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ரத்த வங்கியிலும் நுண்ணுயிர்ப் பிரிவிலும் இடம் இல்லை, தோல் துறையில்தான் காலி என்றார்கள். யாரும் போக விரும்பாததால் காலியாக இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. முப்பத்தொரு வருடம் கடலூர் முதுநகரில் ரயில் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி வேலைக்குப் போனேன். குப்பத்தில் இன்றைக்கும் என்னை 'டாக்டரு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவன் எல்லாம் டாக்டர். நானும் மறுத்து மறுத்து அலுத்துவிட்டேன்.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் மங்கையர்க்கரசி. எல்லாருக்கும் மேடம். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டினாலே தேவலை என்றிருக்கும். தப்பு நடந்தால் சம்பந்தப்பட்ட காகிதத்தை நமக்கு முன்னால் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைக்க ஆரம்பிப்பார். நாமே படித்து, நாமே கண்டுபிடித்து, நாமே வாயால் சொல்லும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். ஒரு தடவை பதினைந்து நிமிடம் துடைத்தார். நான் அன்றைக்கு ஸ்லைடில் தேதி போடாமல் விட்டிருந்தேன்.

ஆய்வகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்க அவர் என்னை விடமாட்டார். "மூர்த்தி, வார்டுக்கு வாங்க. ஸ்லைடுக்கு மூஞ்சி கெடையாது" என்பார். நோயாளியின் கட்டிலிலேயே உட்கார்ந்துகொள்வார். உடம்பு முழுக்கச் சீழ்க் கொப்புளமாக இருக்கும் ஒருவரின் கட்டிலில், அவர் போர்த்தியிருக்கும் துணி மேலேயே, வீட்டு விருந்தாளி மாதிரி உட்கார்வார்.

சீழ் எடுப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எந்தப் பாடப்புத்தகத்திலும் அந்த அளவுக்கு இல்லை. பழைய கொப்புளத்தைத் தொடக் கூடாது. அதில் வெளியிலிருந்து கிருமி வந்து குடியேறியிருக்கும். இன்றைக்குக் காலையில் முளைத்ததாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் மணியை எழுத வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்ததும் குத்திவிடக் கூடாது. ஈரம் காய வேண்டும். காயாமல் குத்தினால் ஸ்பிரிட் உள்ளே போய்க் கிருமியைக் கொன்றுவிடும், நாம் 'கிருமி இல்லை' என்று பொய் ரிப்போர்ட் கொடுப்போம். அப்புறம் ஊசியைப் பக்கவாட்டில் விட்டு, வெளியே வரும் சொட்டை இரண்டு ஸ்லைடில் தொட வேண்டும். ஒன்று கிருமிக்கு, ஒன்று அணுக்களுக்கு.

சீழ் என்றால் கிருமி என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். கிருமியே இல்லாத சீழும் உண்டு என்பதை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். உடம்பின் வெள்ளையணுக்கள் யாரும் கூப்பிடாமலே தோலில் வந்து குவிந்துவிடும். காய்ச்சலும் எரிச்சலும் தாங்க முடியாது. இதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, சாப்பிட்ட மருந்து ஒத்துக்கொள்ளாமல் வருவது. அந்த மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். இன்னொன்று, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தானாகவே கெட்டுப்போய் வருவது. அது சும்மா அடங்காது, மருந்து கொடுத்து அடக்க வேண்டும். வினை என்னவென்றால், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றுக்கு மருந்தை நிறுத்த வேண்டும், இன்னொன்றுக்கு மருந்தைக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஆள் போய்விடலாம்.

கேஸ் ஷீட்டில் 'மருந்து ஒவ்வாமை' என்று சிவப்பு மையில் எழுதும் உரிமை எங்கள் துறையில் மேடத்துக்கு மட்டும்தான். "நீலத்துல எழுதுனத அடுத்த டாக்டர் மாத்திடுவாரு. செவப்புல எழுதுனத ஒருத்தரும் தொடமாட்டாங்க. அந்த ஆளு இருக்குறவரைக்கும் கூடவே வரும்" என்பார்.

அந்தச் சிவப்பு மை என் மச்சான் ஏழுமலைக்கும் கிடைத்தது. என் மனைவியின் தம்பி. நங்கூரக் கயிறு அறுத்துக் காலில் காயம். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். மூன்றாம் நாள் காய்ச்சலோடு அக்குளில் ஆரம்பித்து உடம்பு முழுக்கக் கடுகு கடுகாகச் சீழ். குப்பத்துப் பெண்கள் அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். அம்மை என்றால் எங்கள் பக்கம் மருந்து கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள். நான் சண்டை போட்டு வண்டி வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். "மாமா, எனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். மேடம் பார்த்தார், மாத்திரையை நிறுத்தினார், சிவப்பில் எழுதினார். ஒன்பதாம் நாள் தோல் வெங்காயச் சருகாக உரிந்து ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டான். இன்றைக்கும் அந்த மாத்திரையின் பெயரை எழுதிய அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடலுக்குப் போகிறான். "மேட்ச் ஆடாமலே எனக்கு ரெட் கார்டு குடுத்துட்டீங்க மாமா" என்று கிண்டல் வேறு.

ஏழுமலை பிழைத்ததில் எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. சீழ்க் கொப்புளத்தைப் பார்த்தாலே 'என்ன மாத்திரை போட்ட?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். செண்பகம் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

செண்பகத்துக்கு அப்போது இருபத்திமூன்று வயது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பெண். அண்ணாகிராமம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமியாரும் மருமகளும் வீட்டிலேயே முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்பவர்கள். ஏழு மாதக் கர்ப்பம், தலைச்சன். தொண்டை வலிக்கு அவளே கடையில் ஒரு அட்டை மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் காய்ச்சல், தொடையிடுக்கில் சிவப்பு, அதன் ஓரம் முழுக்க வரிசையாகச் சீழ். நான்கு நாள் வீட்டில் அம்மை என்று வைத்திருந்துவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். முடியில் காய்ந்த வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுப்பு. அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், அதனால்தான் இது என்றார் கூட வந்த ஒருவர். மாமியார் அஞ்சலையம்மாள் அம்மை என்றார். அவசரப் பிரிவில் கிருமி என்று எழுதியிருந்தார்கள். நான் ஸ்லைடு பார்த்தேன். கிருமி இல்லை. மருந்து ஒவ்வாமையில் கொஞ்சம் ஜாஸ்தியாகத் தெரியும் ஒரு வகை வெள்ளையணு அங்கங்கே இருந்தது. "மேடம், நம்ம ஏழுமலை கேஸேதான்" என்றேன்.

அந்தச் சமயத்தில் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடம், இப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி சம்பந்தப்பட்ட ஜீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம், பதினான்கு கட்டம். படிவத்தைப் பார்த்துவிட்டு எந்த ரத்தத்தைச் சோதிக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். எல்லாவற்றையும் சோதிக்க அவர்களிடம் வசதி இல்லை. ரத்தம் எடுப்பவன் நான், அதனால் படிவம் நிரப்புவதும் நான். ஒன்பதாவது கட்டத்தில் உறவுமுறைத் திருமணமா என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை. பக்கத்தில் ஆம், இல்லை.

"கல்யாணம் சொந்தத்துலயா, அசல்லயா?" என்று கேட்டேன். எல்லாரிடமும் அப்படித்தான் கேட்பேன்.

"அசல் சார்" என்றாள்.

'இல்லை' என்பதில் டிக் அடித்தேன். அரை நிமிட வேலை.

பத்து நாளில் சென்னையிலிருந்து பதில் வந்தது. மருந்து சாப்பிட்ட விவரம் இருக்கிறது, உறவுமுறைத் திருமணம் இல்லை, ஆகவே இப்போதைக்குச் சோதனை வேண்டாம், மாதிரியை வைத்திருக்கவும். ட்யூபில் அவள் பெயரை எழுதி உறைபெட்டியில் வைத்தேன்.

ஆனால் அந்தப் பத்து நாளுக்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. சேர்த்த மூன்றாம் நாள் வயிற்றிலேயே குழந்தையின் துடிப்பு நின்றுபோனது. அதை வெளியே எடுத்த பிறகு செண்பகத்தின் உடம்பு மளமளவென்று தேறியது. கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. மாத்திரையை நிறுத்தியதால் தேறிவிட்டாள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். மேடம் சிவப்பு மையை எடுத்து எழுதினார். வீட்டுக்குப் போகும் அன்று அஞ்சலையம்மாள் வார்டு வாசலில் நின்று கேட்டார்.

"அப்ப இவ வாங்கி முழுங்குன மாத்திரதான் எம் பேரப்புள்ளய எடுத்துச்சா?"

அங்கே நின்ற ஒரு பயிற்சி டாக்டர் அவசரத்தில் தலையாட்டிவிட்டுப் போனார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அது உண்மை என்றுதான் நானும் நினைத்தேன்.

மூன்று வருடம் கழித்து செண்பகம் திரும்ப வந்தாள். இப்போது ஆறு மாதம். அதே காய்ச்சல், அதே தொடையிடுக்கு, அதே வரிசை. இந்தத் தடவை யாரும் வேப்பிலை வைக்கவில்லை. இரண்டாம் நாளே அவள் புருஷன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவளுடைய அம்மாவும் கூட வந்திருந்தார். மாமியார் வரவில்லை.

"என்ன மாத்திரை போட்ட?" என்று பழக்கதோஷத்தில் நான் கேட்டேன்.

"ஒண்ணும் போடல சார். சத்து மாத்திரகூட போடல. நர்ஸம்மா குடுக்குறத வாங்கியாந்து பொட்டியில போட்டுடுவேன். தலவலின்னா துணியக் கட்டிக்கிட்டுப் படுத்துப்பேன்." சொல்லிவிட்டு ரவிக்கைக்குள்ளிருந்து நாங்கள் கொடுத்த சிவப்பு எழுத்து அட்டையை எடுத்துக் காட்டினாள். மூன்று வருடமாக எந்த மருந்தும் அவள் வாயில் படவில்லை. ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போயிருந்தாள்.

மேடம் பழைய கேஸ் ஷீட்டை வரவழைத்தார். "மூர்த்தி, ஒரு மாத்திரகூட போடாத பொண்ணுக்கு இது எந்த மருந்தோட ஒவ்வாமை?" என்று கேட்டார். பிறகு அந்த ஷீட்டையும் அதோடு பின் செய்திருந்த படிவத்தின் நகலையும் என் முன்னால் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

படித்தேன். முதல் கட்டத்திலிருந்து வந்தேன். ஒன்பதாவதில் நின்றேன். அந்தக் கட்டம் நோயாளியின் கல்யாணத்தைக் கேட்கவில்லை. நோயாளியைப் பெற்றவர்களின் கல்யாணத்தைக் கேட்கிறது. ஜீன் பெற்றவர்களிடமிருந்துதானே வரும்? இதை நான் ஒரு நாள்கூட யோசித்ததில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் 'சொந்தமா, அசலா' என்று ஒரு பெண்ணிடம் கேட்டால் அவள் தன் புருஷனைப் பற்றித்தான் சொல்வாள். நானும் அதையே வாங்கி எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்.

மேடத்திடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். அவளுடைய அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, நீங்களும் உங்க வூட்டுக்காரரும் கல்யாணத்துக்கு முந்தியே சொந்தமா?"

"சொந்தந்தான் சார். எங்க அம்மாவுக்குக் கூடப் பொறந்த தம்பி. எனக்குத் தாய்மாமன். நான் பொறந்தப்பவே பேசி வெச்சது. ஏன் சார்?"

திரும்பி வந்து சொன்னபோது மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எங்களுக்கு விளக்கினார். வெள்ளையணுக்களைத் தோலுக்குக் கூப்பிட உடம்பில் ஒரு மணி இருக்கிறது. 'போதும், நிறுத்து' என்று சொல்ல ஒரு பிரேக்கும் இருக்கிறது. அந்த பிரேக்கைச் செய்யும் ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வருகிறது. ஒன்று பழுதாக இருந்தாலும் இன்னொன்று வேலை பார்த்துவிடும். இரண்டும் பழுதானால் பிரேக் இல்லை. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களிடம் ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இரண்டும் பழுதாகப் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு தொண்டைக் கிருமி போதும், இல்லையென்றால் கர்ப்பமே போதும், மணி அடிக்க ஆரம்பித்துவிடும். "முதல் தடவ அவ தேறுனது மாத்திரைய நிறுத்துனதால இல்ல. வயித்துல இருந்தது போனதால" என்றார் மேடம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

இந்தக் குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமானால் உடனே மருந்து ஆரம்பித்தாக வேண்டும். கேப்சூல். செண்பகம் வாயைத் திறக்கவில்லை. ஊசி போட வந்தாலும், "இதுலயும் மருந்துதான இருக்கு?" என்று கையை இழுத்துக்கொண்டாள். புருஷன் கெஞ்சினான். அம்மா அழுதார். சின்ன டாக்டர்கள் அதட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாள் போய்விட்டது. நான் தினமும் காலையில் அவள் வயிற்றிலும் தொடையிலும் புதுக் கொப்புளங்களுக்கு வட்டம் போட்டேன். இரண்டாம் நாள் வட்டம் போட இடம் இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஏரித் தண்ணீர் மாதிரி பரவியிருந்தது. வயிற்றில் குழந்தையின் துடிப்பை மணிக்கொரு தடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புடிவாதக்காரி" என்றார் ஒரு நர்ஸ்.

"அவ செய்யிறதுல என்ன தப்பு?" என்றார் மேடம். "மாத்திரயால புள்ள செத்துச்சின்னு செவப்பு மையில எழுதிக் கையில குடுத்தது நாமதான. அவ நம்ம பேச்சத்தான் கேக்குறா."

அப்போதுதான் நான் சொன்னேன், "மேடம், நான் அவகிட்டப் பேசுறேன்." வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மேடமும் எழுந்து வந்தார். வழக்கம்போல் கட்டிலில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டேன். கையில் பழைய படிவம்.

"செண்பகம், போன தடவ உன்கிட்ட நான் ஒரு கேள்வி கேட்டேன். கல்யாணம் சொந்தமா அசலான்னு. நெனப்பு இருக்கா?"

"இருக்கு சார்."

"நான் கேட்டது தப்பு. உங்க அம்மா அப்பாவப் பத்திக் கேட்டிருக்கணும். நான் சரியாக் கேட்டிருந்தா, உன் ரத்தத்த அன்னிக்கே சென்னையில பாத்திருப்பாங்க. அந்த ட்யூப்பு மூணு வருசமா என் பொட்டியிலதான் கெடக்கு. இந்த நோவு உன் பொறப்புல இருந்தே உன்கிட்ட இருக்குன்னு நெனைக்கிறோம். நீ முழுங்குன மாத்திரயால வந்ததில்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேடத்தைப் பார்த்தாள். "மாத்திரயால இல்லியா?"

"இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சத வெச்சி இல்லன்னுதான் சொல்றேன்" என்றார் மேடம். "ரிசல்ட்டு வந்த பெறகு இன்னும் அழுத்திச் சொல்றேன். ஆனா அதுவரைக்கும் இந்தப் புள்ள தாங்காது."

பிறகு பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். பழைய கேஸ் ஷீட்டில் தாம் எழுதியதன் மேலேயே ஒரு கோடு இழுத்து அடித்தார். பக்கத்தில் 'தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். நான் ஒன்பதாவது கட்டத்தில் என் பழைய டிக்கின் மேல் கோடு இழுத்துவிட்டு, 'ஆம்' என்பதில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆங்கிலம் அவளுக்குப் படிக்கத் தெரியாது. அடித்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுங்க" என்று கையை நீட்டினாள். கேப்சூலை வாங்கிக்கொண்டு என்னிடம், "நான் முழுங்குறவரைக்கும் இங்கியே நில்லுங்க சார்" என்றாள். நின்றேன். அடுத்த நாளும் நிற்கச் சொன்னாள். நின்றேன். ஐந்தாம் நாள் காலையில் வட்டம் போடப் புதுக் கொப்புளம் ஒன்றுகூட இல்லை.

எட்டாம் மாதக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டது.

பழைய ட்யூபும் புது ட்யூபும் ஒன்றாகச் சென்னைக்குப் போயின. முடிவு வந்தபோது குழந்தைக்கு ஒரு மாதம். இரண்டிலும் ஒரே பதில். அந்த பிரேக் ஜீனின் இரண்டு பிரதியிலும் ஒரே பழுது. நாங்கள் குதிக்கப் பார்த்தோம், மேடம் விடவில்லை. "ஜீன் மட்டும் நோவு இல்ல. இந்தப் பழுது இருந்தும் ஒண்ணும் வராதவங்க உண்டு. பழுது இல்லாமலே வர்றவங்களும் உண்டு. ஸ்லைடு, காய்ச்சல், குடும்பம், ஜீன் எல்லாத்தையும் சேத்துவெச்சிப் பாத்துதான் பேர் சொல்லணும்" என்றார். நிவேதா இந்த இடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு என் பீரோவிலிருந்த பழைய படிவங்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் செய்து, பெற்றவர்களைப் பற்றிக் கேட்டேன். நான்கு மாதம் ஆனது. சிலர் பதில் அப்படியே இருந்தது, சிலருடையது மாறியது. சிலர், "சார், பொண்ணு பாக்குறீங்களா?" என்று கேட்டார்கள். ஒருத்தர் கோபத்தில் போனை வைத்துவிட்டார். இப்போது அந்தக் கட்டத்தில் தமிழில் அச்சடித்திருக்கிறார்கள்: நோயாளியின் தாயும் தந்தையும் திருமணத்துக்கு முன்பே உறவினர்களா, என்ன உறவு? அந்த வாக்கியம் நான் எழுதியது. முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதிய ஒரே வாக்கியம் அதுதான் என்று என் மனைவி சொல்கிறாள்.

குழந்தைக்கு நான்கு மாதம் இருக்கும்போது செண்பகம் சோதனைக்கு வந்தாள். ரிசல்ட்டை மேடம் விளக்கிச் சொல்லி, மாத்திரையால் இல்லை என்று சொன்னபடியே அழுத்திச் சொன்னார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தவள் ஆய்வக வாசலில் நின்றாள்.

"சார், இத எங்க அத்தைகிட்ட நீங்க வந்து சொல்லணும்."

"உன் வூட்டுக்காரரு சொல்லலியா?"

"சொன்னாரு. பொண்டாட்டிக்குப் பரிஞ்சிக்கிட்டுப் பேசுறான்னு சொல்லிட்டாங்க. காயிதத்தக் காட்டலாம்னா அவுங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீங்க வாயால சொன்னா கேப்பாங்க."

மேடத்திடம் போய்க் கேட்டேன். "போயிட்டு வாங்க. லீவு போட வேணாம், இதுவும் டூட்டிதான்" என்றார்.

பண்ருட்டி போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தேன். பலாப்பழ நேரம். பஸ் முழுக்க அந்த வாசனை. வீடு கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அஞ்சலையம்மாள் கொட்டகையில் உட்கார்ந்து, எண்ணெய் ஒட்டாமலிருக்கக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. செண்பகம் குழந்தையோடு நிலைப்படியில் வந்து நின்றாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. தொண்டை வலிக்கு முன்பே, கர்ப்பத்துக்கு முன்பே, பிறக்கும்போதே அவள் ரத்தத்தில் இது இருந்தது என்று சொன்னேன். அவளைப் பெற்றவர்கள் நெருங்கிய சொந்தம் என்பதால் இரண்டு பக்கமிருந்தும் வந்தது என்று சொன்னேன். மாத்திரை காரணம் இல்லை என்று சொன்னேன். அப்படி எழுதியது எங்கள் தவறு, அதில் பாதி என் தவறு என்று சொன்னேன். வார்டு வாசலில் அவர் கேட்டபோது பக்கத்தில் நின்றும் வாய் திறக்காததையும் சொன்னேன்.

"அப்ப இவுளப் பெத்தவங்க மேல தப்பா?" என்றார்.

"அவுங்க மேலயும் இல்லம்மா. நான்கூட எங்க அத்தை பொண்ணத்தான் கட்டியிருக்கேன்."

"நானுந்தான் மாமன் மவனக் கட்டுனேன்" என்று முணுமுணுத்தார். கொட்டை உடைக்கும் கட்டை கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார், ஆனால் பார்வை நிலைப்படியில் இருந்தது. "மூணு வருசமா நான் இவுளப் பேசுன பேச்சு ஒண்ணா ரெண்டா சார். முழுங்கிட்டியேடி, முழுங்கிட்டியேடின்னு தெனம் பேசியிருக்கேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசல. தப்பு இல்லன்னா ஏன் பேசாம இருக்கப்போறான்னு நெனச்சிக்கிட்டேன். ஏன்டி, நீயாவது வாயத் தொறந்து இல்லன்னு சொல்லக் கூடாது?"

செண்பகம் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நானும் அப்பிடித்தான் அத்தை நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அஞ்சலையம்மாள் எழுந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கையில் இருந்த சாம்பலையும் எண்ணெயையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். மோந்து பார்த்தார். திரும்பவும் சோப்புப் போட்டுக் கழுவினார். அந்த எண்ணெய் துளி பட்டாலும் தோல் வெந்துபோகும். புடவையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். குழந்தையை வாங்குவார் என்று நினைத்தேன். குழந்தையைத் தொடவில்லை. இரண்டு கையாலும் மருமகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.